வேப்பிலை தொங்கும் வாசலில் செல்லியம்மாள்

வேப்பிலைக் கொத்து தொங்குகிற வாசலில் செல்லியம்மாள் விசில் ஊத மாட்டார். குப்பை வண்டியை ஓரமாக நிறுத்துவார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். செருப்பை விட்டு இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே, மாரியாத்தா" என்பார். அதுவரைக்கும் எல்லோரும் செய்வதுதான். அதற்கப்புறம் அவர் செய்வதுதான் எங்கள் தெருவில் பலருக்கு ஆகாது. வாசலில் நின்றபடியே, உள்ளே படுத்திருப்பவர் காதில் விழுகிற மாதிரி, "யாருக்குப் போட்டிருக்குது? கைய ஒரு வாட்டி காட்டு, பாத்துட்டுப் போயிடறேன்" என்று குரல் கொடுப்பார்.

கையில் முத்து இருந்தால் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். மறுநாள் காலையில் அந்த வாசலில் ஓர் இளநீர் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால் தனக்குத் தெரியாது என்பார். முத்து இல்லையென்றால் தொலைந்தது. கொத்தை உருவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆத்தா பேர சொல்லி இன்னா பொய்யி இது? எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்று ஆரம்பித்தாரானால், தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

வடக்கனந்தல் பேரூராட்சியில் தூய்மைப் பணி. ஐம்பது வயதிருக்கும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் தடிமன். பேட்டரி வண்டியோடு பேசுவார். மேட்டில் திணறினால் "ஏறு கண்ணு, டீ வாங்கித் தரேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கரியாலூர் அருவிக்குப் போய்விட்டு இறங்குகிற வேன்கள் கச்சிராயபாளையம் ரோடு நெடுக பாட்டிலை வீசிவிட்டுப் போகும். திங்கட்கிழமை அதைப் பொறுக்கும்போது அவர் திட்டுவதை நான் இங்கே எழுத முடியாது. ஊரெல்லாம் மாஸ்க்கைத் தூக்கி எறிந்து வெகுநாளாகிவிட்டது. அவர் முகவாய்க்கட்டையில் மட்டும் அது இன்னும் தொங்குகிறது. பக்கத்தில் யாராவது இருமினால் போதும், மாஸ்க் மேலே ஏறிவிடும். "இருமல் சத்தம் கேட்டா கை தானா மேல போயிடுது சார். சிரிக்காதீங்க" என்பார். நான் சிரித்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

முதல் அலையின்போது அவருக்கும் அவர் கணவர் முனியனுக்கும் சேர்ந்தாற்போலக் காய்ச்சல் வந்தது. முனியன் கரும்பு வெட்டப் போகிறவர். அப்போது கொரோனா என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடிப்பார்கள். தகரம் அடித்த வீட்டுக்குக் கடைக்காரர் சாமான் கொடுக்க மாட்டார், குழாயடியில் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதை அவர் என் கடைப் படியில் உட்கார்ந்து, டீ ஆறிப்போகிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தகரத்துக்கு பயந்துகினு வேப்பிலய சொருகிட்டேன் சார். அம்மைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க இல்ல? கேக்கல. நல்லாதான் பாத்துக்கினாங்க. எளநி வெச்சாங்க, மோர் வெச்சாங்க, நொங்கு வெச்சாங்க. வாசலோட வெச்சிட்டுப் போயினே இருந்தாங்க."

அம்மை இறங்கிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. உள்ளேயிருப்பவர் வெளியே போகக் கூடாது. மருந்து கூடாது, ஊசி கூடவே கூடாது. இதெல்லாம் எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். முனியனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது செல்லியம்மாள் ஆட்டோக்காரரிடம் ஓடியிருக்கிறார். அவர் கும்பிட்டுச் சொன்னாராம்: "ஆத்தா இருக்கற ஒடம்ப வண்டில ஏத்தினா குத்தமாயிடும்க்கா. தலைக்கு தண்ணி ஊத்தற வரைக்கும் பொறுத்துக்க." இன்னொருவர் வீட்டிலும் அதே பதில். கடைசியில் நடுத்தெருவில் நின்று, "அம்ம இல்லீங்க, கொரோனாதாங்க" என்று கத்தியபோது, நின்றிருந்தவர்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வண்டி வந்தது. ஆம்புலன்ஸில் நோயாளியோடு யாரும் ஏறக் கூடாது என்பது அன்றைய விதி. அவர் முனியனைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு கட்டிக் கொண்டுவந்த உடலைத் தூரத்திலிருந்து காட்டினார்கள்.

"பொய்யி நான் சொன்னது. ஊரு நம்பிச்சு. யார திட்டறது?" என்றார். டீயைக் குடிக்காமலே கீழே ஊற்றிவிட்டு எழுந்துபோனார். எனக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை.

தடுப்பூசி வந்ததும் பேரூராட்சியில் முதலில் கை நீட்டியவர் அவர்தான். இரண்டு தவணைக்கும் காய்ச்சல் கொளுத்தியது, கை மரத்துப்போனது. மறுநாள் வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் கொரோனா வந்து, வாயில் உப்பு உறைப்பு ஒன்றும் தெரியாமல் கிடந்து எழுந்தவன்தான். ஆனாலும் பூஸ்டர் என்றதும் ஆயிரம் சாக்கு சொன்னேன். ஊரே சொன்னது. கொரோனாதான் போய்விட்டதே என்றார்கள். ஊசி போட்டால் ரெண்டு நாள் படுக்க வேண்டும், கூலி யார் தருவார்கள் என்றார்கள். அதில் நியாயமும் இருந்தது.

பூஸ்டர் முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அது ஆவணி மாதம். ஆடிக்குக் கட்டிய தோரணமெல்லாம் சருகாகிப்போயிருந்தது. அப்படியிருக்க, அன்று விடிந்ததும் சில வாசல்களில் புதிதாகப் பச்சைக் கொத்து முளைத்திருந்தது. நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி வீடு வீடாக ஆள் கூப்பிட வந்தவர், கொத்தைப் பார்த்த இடத்திலெல்லாம் பேசாமல் திரும்பினார். கூடப் போன செல்லியம்மாள் திரும்பவில்லை. தமிழரசன் என்கிற டிராக்டர் டிரைவர், மலை மாதிரி ஆள், போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கையைப் பிடித்து வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா டேய், ஆத்தா ஒனக்கு மீசைக்குள்ளயா எறங்கியிருக்கா?" என்றார். தெருவே சிரித்தது. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

அடுத்த கொத்து ராஜாங்கம் வீட்டில். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

ராஜாங்கம் பால் கறந்து தெருவுக்கு ஊற்றுகிறவர். நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது. அந்த வீட்டுக் கேட்டை செல்லியம்மாள் இத்தனை வருஷத்தில் தாண்டியதில்லை. குப்பைக் கூடை வெளியே வரும், வெளியிலேயே காலியாகும். ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று அவர் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றார். கொல்லையில் மாடுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

"யாருக்குங்க தம்பி?"

"பாரதிக்கு," என்றார் ராஜாங்கம். பாரதி அவர் மனைவி. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். முகம் தூங்காத முகம்.

"கைய மட்டும் சன்னல்ல காட்டச் சொல்லுங்க."

"ஆத்தா எறங்கியிருக்கா. நீ போ செல்லியம்மா. தெருவுல நின்னுகினு வம்பு வளக்காத."

"ஒரே ஒரு வாட்டிங்க. முத்து இருந்தா இங்கயே வுழுந்து கும்புட்டுட்டுப் போயிடறேன்."

"போன்னு சொல்றேன் இல்ல!"

செந்தமிழ்ச்செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்கக்கா. ஊசியே வேணாம், சண்ட வந்துடும்." எதிர்வீட்டுத் தங்கமணி பால் சொம்போடு வெளியே வந்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி, ஆத்தா இருக்கற வூட்டு வாசல்ல நின்னு வெவகாரம் பண்றியே, ஒனக்கு இன்னா அவ்ளோ திமிரு? புருஷன வாரிக் குடுத்தது பத்தலயா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செல்லியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் காது வீட்டுக்குள் இருந்தது. உள்ளேயிருந்து இருமல் வந்தது. அடங்கவில்லை, தொண்டையைக் கிழிக்கிற மாதிரி தொடர்ந்துகொண்டே போயிற்று. மாஸ்க் மேலே ஏறியது. ராஜாங்கம் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். தெரு மொத்தமும் கேட்டின் முன்னால் கூடியிருந்தது. மெய்யாகவே அம்மையாக இருந்துவிட்டால் இந்த அம்மாளை இன்றைக்கு அடித்தே போடுவார்கள் என்று நான் பயந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டை விட்டு நகரவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. சன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை வந்தது. ராஜாங்கம் சொல்லவில்லை, அதுவாக வந்தது. சுத்தமான கை. ஒரு முத்து இல்லை. நகக்கண் மட்டும் நீலம் பாரித்திருந்தது.

செல்லியம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கொத்தை உருவி, கண்ணில் ஒற்றி, "மன்னிச்சுக்க தாயே" என்று சொல்லிப் படியில் வைத்துவிட்டு, ராஜாங்கத்தைத் தோளோடு தள்ளிக்கொண்டு நடந்தார். அவர் தடுக்கவில்லை. நர்ஸ் பின்னாலேயே ஓடி, பாரதியின் விரலில் மாட்டுகிற மிஷினை மாட்டினார். எண்ணைப் பார்த்தவுடன் போனை எடுத்துவிட்டார்.

வண்டி வருகிறவரைக்கும் ராஜாங்கம் சுவரோரம் குந்தியிருந்தார். "அம்மைன்னா ரெண்டு வாரம் பால வாங்க மாட்டாங்க, அவ்ளோதான்," என்றார் யாரையும் பார்க்காமல். "கொரோனான்னா அப்பறமும் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனச்சேன்." அவர் சொன்னது உண்மைதானே.

வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆள் வரவில்லை. செல்லியம்மாள் தலைப்பக்கம் பிடித்தார், வண்டியில் வந்த பையன் கால்பக்கம் பிடித்தான். ஆக்ஸிஜன் மாட்டியதும் அந்தப் பையன், "இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா கஷ்டமாயிருக்கும்" என்றான். பாரதி பிழைத்து வீடு வந்துவிட்டார். இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தப் பதற்றத்தை நாங்கள் பட்டது போதும்.

ராஜாங்கம் மட்டும் வண்டியில் ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "மாடு கறக்கல... கன்னுக்குட்டி..." என்று உளறினார். செல்லியம்மாளுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு முதன்முதலாக வந்த கோபம் அதுதான்.

"ஏறுங்க தம்பி," என்றார். "இப்ப ஏற வுடறாங்க. அப்ப வுடல."

ராஜாங்கம் ஏறினார். வண்டி கள்ளக்குறிச்சி ரோட்டில் திரும்பி மறைந்தது.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் அலைமோதியது. சாக்கு சொன்ன அத்தனை பேரும் வரிசையில் நின்றோம். செல்லியம்மாள் முன்னால் போய், புடவைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் கையைத் தூக்கினார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்றார். இவ்வளவு தைரியசாலிக்கு ஊசி பயம்! எனக்குப் போடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன், அது வேறு விஷயம். காலிப் பால் சொம்பை இன்னும் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற தங்கமணி மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். "இனிமே அவுங்க பால எவ வாங்குவா? எனுக்கு வேணாம்பா. வேற ஆள பாத்துக்கறேன்." ஆமாம், ஆமாம் என்று நாலு குரல்கள். செல்லியம்மாள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டே வெளியேறினார்.

நாங்கள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மாட்டுச் சத்தம் நின்றிருந்தது. ராஜாங்கத்தின் கொல்லையிலிருந்து செல்லியம்மாள் தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். முழங்கை வரை பால் தெறித்திருந்தது. மாடு உதைத்திருக்க வேண்டும், ஒரு காலைச் சாய்த்து நடந்தார். நடுத்தெருவில், தங்கமணிக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"கொரோனா பாலுல வராதும்மா. நர்ஸ் அம்மாவயே கேளு," என்றார். தடித்த குரல் அப்போது தாழ்ந்துதான் இருந்தது. "நீ இந்தப் பால வாங்காம வுட்டா, நாளைக்கு இன்னொருத்தன் மூச்சு முட்டினு கெடப்பான், வாசல்ல வேப்பில கட்டினு. என்னாண்ட கைய நீட்ட மாட்டான்."

தங்கமணி கையிலிருந்த காலிச் சொம்பைப் பார்த்தாள்.

செல்லியம்மாள் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். வாளியைச் சாய்த்துக் குழித்த உள்ளங்கையில் பாலை ஊற்றி, எல்லோரும் பார்க்க ஒரே மடக்கில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாளியை இரண்டு கையாலும் தூக்கித் தங்கமணியின் சொம்புக்கு நேராக நீட்டினார்.