பத்து வரை எண்ணிய டீச்சர்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு மௌனம் என்றாலே ஆகாது. கேள்வி கேட்பார், ஒரு நொடி யாரும் வாய் திறக்காவிட்டால் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பதினோரு வருடமாக இதே கதைதான்.

கடைசி பெஞ்சுச் சிறுமி மட்டும் இதுவரை எதற்குமே பதில் சொன்னதில்லை. வரும் வெள்ளிக்கிழமை தான் வந்து பார்க்கும்போதும் வாய் திறக்காவிட்டால் அவளை இரண்டாம் வகுப்புக்கே அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அந்தக் கவலையில் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“என்னம்மா, பசிக்கலையா?” என்று கேட்ட மகள், “பசிக்கலைன்னுதான் சொல்லுவே” என்று தானே முடித்தாள்.

“என்னைக் கொஞ்சம் பேச விடுடி!”

“நீ மட்டும் யாரைப் பேச விடறே? உன் வயித்துல பிறந்தவதானே நான்!”

டீச்சருக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்றார். டீச்சர் சிறுமியிடம் கேட்டார்: “பன்னிரண்டு பென்சிலை மூணு பேருக்குச் சமமாப் பிரிச்சா, ஆளுக்கு எத்தனை, கண்ணு?”

பதில் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணத் தொடங்கினார். ஐந்து... ஆறு... சிறுமி பெஞ்சுக்கு அடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். எட்டு... ஒன்பது...

“நாலு, டீச்சர்.”

“சரி, இங்கேயே இருக்கட்டும்” என்று தலைமையாசிரியர் நகர்ந்தார்.

இத்தனை நாளும் இந்தக் குழந்தை விரல் மடக்கி முடிப்பதற்குள் பதிலைப் பிடுங்கியது தான்தான் என்று நினைத்தபோது டீச்சரின் கண்கள் நிறைந்தன.

“அடுத்த கேள்வி கேளுங்க டீச்சர்” என்றாள் சிறுமி.