முழு வாக்கியமாகச் சொல்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், தாம்பரத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் தாங்களே கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ள இணையவழித் தொழில்நுட்ப ஆங்கிலப் பாடம் வேண்டும் என்று நிர்வாகம் அந்த வேலையை என் தலையில் கட்டியது. ஏற்கெனவே எங்கோ வாங்கி வைத்திருந்த பாடத்தில் ஹோட்டலில் சூப் கேட்பது எப்படி என்றிருந்தது. மெக்கானிக்கல் பையனுக்குச் சூப் எதற்கு? அவர்களுக்கு ஆங்கிலம் எங்கே தேவைப்படுகிறது என்று பார்க்க நானே பட்டறைக்குப் போய் நின்றேன்.

அங்கே வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான். தமிழ் வந்தால் பட்டறை ஆசிரியரின் கை பேசும். முடிச்சூரிலிருந்து வரும் ஒருவன் அன்று என் கண்ணெதிரே அறை வாங்கினான். காது சிவந்துபோய் நின்றான்.

கொஞ்ச நேரத்தில், எனக்கு மறைவாக இருந்த லேத் இயந்திரத்தில் அவன் நண்பனின் சட்டைக் கை சிக்கியது. அதை நிறுத்தும் சுவிட்ச் ஆசிரியரின் பக்கத்தில் இருந்தது.

"சார்... சார்... ஹிஸ் ஷர்ட்..." என்று இவன் திணறினான்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபுல் சென்டன்ஸ்!" என்றார்.

இவன் வாக்கியத்தைத் தேடினான். அதற்குள் நண்பன் அலறினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. யாரோ பாய்ந்து சுவிட்சை அணைத்தார்கள். தரையில் கிடந்த இரும்புச் சுருள்களின் மேல் ரத்தம். அடுத்த நொடி இவன் ஆசிரியர்மேல் பாய்ந்தான். அவர் மூக்கு உடைந்தது, பல் தெறித்தது, நாலைந்து பேர் இழுத்தும் விடவில்லை. நான் தடுக்கப் போகவில்லை. இன்றுவரை அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அவனைக் கல்லூரியில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று விசாரணை நடந்தது. அவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் அவன்தான்.

"அப்பவே கத்த வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முதல்வர் கேட்டார். தமிழில்தான் கேட்டார். மேஜையைப் புரட்டிப் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"தமிழ்ல கத்தினா அறையறீங்க. இங்கிலீஷ்ல கத்த யார் சார் சொல்லிக் குடுத்தீங்க?" என்று நானே கத்தினேன். பயனில்லை. டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வாசல்வரை அவனோடு நடந்தேன். "பாடத்துல முதல்ல எதைப் போடறதுன்னு நீயே சொல்லுப்பா" என்றேன்.

"இன்னா வேணா போடுங்க மேடம். கை மாட்டிக்கினா தமிழ்ல கத்தலாம், யாரும் அடிக்க மாட்டாங்கன்னு மொத பக்கத்துல போட்டுடுங்க."

போட்டேன். பாடம் கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் ஓடத் தொடங்கிய அன்று அந்தப் பக்கத்தைக் காணோம். தமிழில் இருந்ததால் எடுத்துவிட்டார்களாம்.