புதன்கிழமைத் தாளில் ஒரு கோடு

என் மேசை இழுப்பறையில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்று கிடக்கிறது. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுப்பார்களே, தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி, அதிலிருந்து கிழித்தது. முன்பக்கம் புதன்கிழமை, ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் நீல மையில் ஒரே ஒரு கோடு. கோடு இருந்தால் அன்றைக்குக் குடித்ததாக அர்த்தம்; வெறுந்தாளாக இருந்தால் குடிக்கவில்லை. இந்த ஏற்பாடு என்னுடையது அல்ல, ஈசூன் அக்காவுடையது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய ஆலோசனை நிலையத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குடியிலும் போதையிலும் சிக்கிக்கொண்ட கர்ப்பிணிகளும் பெற்றோரும் அங்கே வந்து மனம்விட்டுப் பேசுவார்கள். அக்கா ஆறு மாத வயிற்றோடு ஈசூன் பகுதியிலிருந்து ரயிலேறி வந்தார்; அதனால்தான் ஈசூன் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மருத்துவமனையில் தங்கிக் குடியை நிறுத்தியிருந்தார். மறுபடியும் தொடாமல் இருக்கத்தான் எங்கள் துணை வேண்டியிருந்தது. மூத்த மகள் அதற்குள் நாத்தனார் வீட்டில் வளர ஆரம்பித்திருந்தாள். வயிற்றில் இருப்பதும் அங்கேதான் போகுமா, இல்லை அம்மாவோடு வீட்டுக்கு வருமா என்பதைக் குழந்தை நல அதிகாரி முடிவு செய்வார். அதற்கு என் அறிக்கையும் தேவை.

முதல் வாரம் நான் கட்டம் கட்டமாக ஒரு படிவத்தைக் கொடுத்தேன். அடுத்த வாரம் படிவம் வரவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட ஏழு நாட்காட்டித் தாள்கள் வந்தன. “ஃபாரமெல்லாம் எங்கயாச்சும் தொலைஞ்சிடும் மேடம். இத கிழிக்காம எனக்குப் பொழுதே விடியாது,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சரி என்றேன்.

பிறகு வாராவாரம் அவர் முன்னாலேயே தாள்களைத் திருப்பிப் பார்ப்பேன். வெறுந்தாள் வந்தால் “வெரி குட்க்கா” என்பேன். எப்போதாவது கோடு வந்தால் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டேன். எவ்வளவு பக்குவமானவள் நான் என்று எனக்கே என்மேல் பெருமை. என் முகம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது போலும். நான் தாள்களைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

எட்டாம் மாதம், அறிக்கை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை. ஏழு தாள்களும் வெறுந்தாள்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே தேநீர் போட்டு வந்து கொடுத்து, “இத அப்படியே எழுதிடறேன்க்கா, இனிமே கவலப்படாதீங்க,” என்றேன். அவர் பாதித் தேநீரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, அறிக்கையின் கடைசிப் பத்தியில் இருந்தபோது வாசலில் அவர் நின்றார். இடுப்பில் ஒரு கை, முகமெல்லாம் வியர்வை. நியூட்டனில் ரயில் மாற இறங்கியவர், ஈசூன் ரயில் வந்து நின்றும் ஏறாமல் திரும்பி வந்திருக்கிறார்.

“புதன்கெழம குடிச்சேன் மேடம். ரெண்டு கிளாஸ். புள்ள உள்ள அசைஞ்சுகிட்டே இருந்துச்சு. அப்பவும் குடிச்சேன்.”

நான் மேசையிலிருந்த ஏழு தாள்களையும் பார்த்தேன்.

“கோடு பாத்தா உங்க மூஞ்சி வாடிப்போவுது. அதான் போடல,” என்றவர், என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, தாள்களில் புதன்கிழமையைத் தேடி, பின்பக்கம் கோடு போட்டு என் முன்னால் வைத்தார். “இதையும் எழுதுங்க. பொய் சொல்லிப் புள்ளைய வீட்டுக்குக் கொண்டு போனா, அப்புறம் அதுகிட்டயும் பொய்யாவே சொல்லிக்கிட்டு இருக்கணும் லா.”

இரண்டு பிள்ளைகளையும் இழந்துவிடலாம் என்று தெரிந்தே போட்ட கோடு அது. நானாக இருந்தால் அந்த ஈசூன் ரயிலில் ஏறி உட்கார்ந்திருப்பேன், சத்தியமாக. அந்த மனுஷிக்கு முன்னால் என் படிப்பையும் பக்குவத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

அறிக்கையில் கோட்டையும் எழுதினேன், அவர் திரும்பி வந்ததையும் எழுதினேன். “அவங்களாவே வந்து சொன்னாங்களா?” என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். அக்காவின் தங்கை ஒரு வருடம் கூடவே தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குழந்தை அம்மாவுடன் வீட்டுக்குப் போனது. பிறகு மூத்தவளும் திரும்பி வந்தாள். நான் அன்றோடு ‘வெரி குட்’டை விட்டுவிட்டேன். கோடோ வெறுந்தாளோ, “இந்த நாளப் பத்திச் சொல்லுங்க” என்று மட்டும் கேட்கிறேன்.

ஆண்டுதோறும் ஜனவரியில் எனக்குப் புது நாட்காட்டி கொண்டுவந்து தருகிறார். இந்த முறை சின்னவளும் வந்தாள், தொடக்கப்பள்ளி ஒன்றாம் வகுப்புச் சீருடையில். அவள் என் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, “போன வருஷம் ஒரு நாள் மேடம்,” என்றார் அக்கா மெதுவாக. என் முகம் வாடவில்லை. “அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“கோடு போட்டேன். தங்கச்சிக்குப் போன் பண்ணேன். காலையில எந்திரிச்சு அடுத்த தாளக் கிழிச்சேன்.”

இழுப்பறையைத் திறந்து அந்தப் புதன்கிழமையை எடுத்துக் காட்டினேன். அக்கா கையில் வாங்குவதற்குள் சின்னவள் பிடுங்கிக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “இதுல யாரு கிறுக்குனது?” என்று கேட்டாள்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன்.

“அம்மாதான்,” என்றார் அக்கா. “நீ வயித்துல இருந்தப்ப. வீட்டுக்குப் போயி சொல்றேன், வா.”