மாலை கழற்றிய பிறகு

சிங்கப்பெருமாள் கோயில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. 2008-ல் அதைப் பார்த்துக்கொண்டவள் விஜயகுமாரி. கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் அவள் அங்கேயே உட்கார்ந்து தமிழில் வலைப்பதிவு எழுதினாள். அதில் அவள் பெயர் அம்சா. எழுதியது முழுக்க, புருஷன் தனகோடி குடித்துவிட்டு வந்து செய்த கூத்துகளை.

கூத்து என்றால் சாதாரணக் கூத்தா? பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "இன்னாடி, இன்னும் சோறு வெக்கல?" என்று அந்த வீட்டம்மாவை மிரட்டியவன் அவன். ஒரு காணும் பொங்கலுக்கு அவளை மாமல்லபுரம் கூட்டிப்போய், கடற்கரை மணலில் குப்புற விழுந்து கிடந்தான். வந்த கூட்டமெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவள் குடையை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டே அனுபவித்ததைச் சிரிக்கச் சிரிக்க எழுதும் கை அவளுக்கு எப்படியோ வாய்த்திருந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், 'அடுத்த பதிவு எப்போ அக்கா?' என்று கேட்டார்கள்.

சென்னையில் இணைய இதழ் நடத்திய பார்த்தசாரதி என்பவர் அவளைத் தேடிப் பிடித்தார். வாரம் ஒரு பதிவு. எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்ற பணம். தனகோடி லாரி வேலையைக் குடித்தே தொலைத்திருந்த சமயம் அது. வாடகையும் அரிசியும் மகள் ரோகிணியின் பள்ளிக் கட்டணமும் பதிவிலிருந்துதான் வந்தன. கேட்டவனிடம் டைப்பிங் வேலை என்று சொல்லிவைத்தாள். அவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியவனே தன்னை அறியாமல் அதற்குச் சோறும் போட்டுக்கொண்டிருந்தான்.

கார்த்திகை பிறந்ததும் தனகோடி ஐயப்பனுக்கு மாலை போட்டான். மாலை கழுத்தில் இருக்கும்வரை சொட்டு வாயில் வைக்க மாட்டான். ஊரில் பாதிக் குடிகாரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இப்படித்தான் ஈரலுக்கு லீவு விடுகிறார்கள். மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய கையோடு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். இது வாசகர்களுக்கும் தெரியும். அன்றே குடிப்பாரா, மறுநாளா என்று பதிவுக்குக் கீழே பந்தயமே நடந்தது.

"மாலை கழட்டுற அன்னிக்குப் பெரிய பதிவா போட்டுடலாம் மேடம்," என்றார் பார்த்தசாரதி போனில். "ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

மாலை போட்டவனைப் பார்த்து ஜெகதீசன் என்ற வேன் முதலாளி, "வா சாமி, வண்டி ஓட்டு" என்று வேலை கொடுத்தார். ஊரப்பாக்கத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் வேன். தனகோடி மலைக்குப் போய்ப் பொங்கலுக்கு முன்னே திரும்பினான், மாலையைக் கழற்றினான். அன்று குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை.

காணும் பொங்கலன்று அந்த ஆபீஸ் ஆட்களைக் குடும்பத்தோடு மாமல்லபுரம் கூட்டிப்போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனிடம் துண்டை வாங்குகிற சாக்கில் விஜயகுமாரி நெருங்கி மோப்பம் பிடித்தாள். வியர்வை, டீசல், கையில் பொட்டலத்தில் வறுத்த மீன்.

"உனுக்குத்தான் வாங்கியாந்தேன். ஆறதுக்குள்ள துன்னு."

"வேற எதுவும் இல்லியா?"

"வேற இன்னா? அவங்கல்லாம் கடக்கரைக்குப் பூட்டாங்க. நான் வண்டியாண்டயே குந்திகினு கெடந்தேன். மத்த டிரைவருங்க குடிக்கக் கூப்டானுங்க, போவல. போதும் குமாரி, பட்டதே போதும்."

இந்த வார்த்தைக்காக எத்தனை கோயில் படி ஏறியிருப்பாள்! ஆனால் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, அப்படித்தான் இருந்தது. மீனைத் தின்றுகொண்டே, இவன் இப்படியே இருந்துவிட்டால் நான் எதை எழுதுவேன் என்று யோசித்தாள். யோசித்த தன்னையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அவன் திருந்தியதை எழுதி பார்த்தசாரதிக்கு அனுப்பினாள்.

"ரொம்ப சந்தோஷம் மேடம், மனசார சொல்றேன்," என்றார் அவர். "ஆனா இதை யாரு படிப்பாங்க? வேற ஏதாவது நடந்தா சொல்லுங்க."

ரோகிணியின் பள்ளியில் கட்டணம் கேட்டு ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேன் சம்பளம் வாடகைக்கே காணாது. விஜயகுமாரி பழைய காணும் பொங்கலை எடுத்து இந்த வருஷத்துக் காணும் பொங்கலாக்கினாள். மாலை கழற்றியவன் வேனில் குடும்பங்களை ஏற்றிப்போய், அவர்கள் கடலைப் பார்த்த நேரத்தில் குடித்துவிட்டு, பிள்ளைகளோடு வண்டியை ஓட்டி வந்தான் என்று எழுதினாள். ஆள் பெயரில்லை, முதலாளி பெயரில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதுவரை எதையும் அத்தனை பேர் படித்ததில்லை.

படித்தவர்களில் அந்த வேனில் போகிற ஜெஸ்ஸியும் ஒருத்தி. அன்று மடியில் தன் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தவள்.

இரண்டொரு நாளில், வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தனகோடி பிரவுசிங் சென்டர் படி ஏறி வந்தான். வெயில் நேரம், உள்ளே வேறு யாரும் இல்லை.

"எவளோ ஒருத்தி கம்ப்யூட்டர்ல என்னிய எழுதிகீறாளாம் குமாரி. குடிச்சிட்டு ஓட்டுனேனாம். ஜெஸ்ஸி மேடம் ஓனராண்ட காட்டிகீது. சாமி மேல சத்தியம் பண்ணேன், நம்பல, சாவிய வாங்கிகினாரு. நீ இதுலதான குந்திகினு கீற, யாருன்னு கண்டுபுடிச்சு குடு."

தேடுவது போல் நடித்திருக்கலாம். கிடைக்கவில்லை என்று சொன்னால் அவன் நம்பியிருப்பான். அவன் நம்பிவிடுவான் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான்தான்யா எழுதுனது."

தனகோடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்போ இத்தினி நாளா துன்ன சோறு?" என்றான்.

"அதுல வந்ததுதான்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். "உள்ளத எழுது. அந்த மேடம் படிக்கும். ஓனராண்ட சொல்லும்."

எழுதினாள். அவர் குடிக்கவில்லை, மாலை கழற்றிய பிறகு தொடவே இல்லை, பணத்துக்காக நான்தான் பொய் எழுதினேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாள். ஒப்பனை இல்லாமல் அவள் எழுதிய ஒரே பதிவு அது. இதற்கும் கூட்டம் வரும் என்று பார்த்தசாரதி உடனே ஏற்றிவிட்டார்.

பின்னூட்டங்கள் மளமளவென்று வந்தன. 'அக்கா, அடித்து எழுதவைத்துவிட்டானா?' 'இது அம்சா அக்கா எழுத்தே இல்லை, ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை.' 'பாவி, அந்தம்மா வாயையும் அடைத்துவிட்டான்.' அவற்றுக்குக் கீழே ஜெஸ்ஸியும் எழுதியிருந்தாள்: 'அன்று அந்த வேனில் வந்தவள் நான். பயப்படாதீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள், அவர் இப்போது உங்கள் பக்கத்தில் நிற்கிறாரா?'

தனகோடி எழுத்துக்கூட்டி அதைப் படித்தான். இன்னொரு தரமும் படித்தான். பிறகு நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தான்.

"நான் கீழ போறேன். இப்ப எழுது."

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

'இல்லை. இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன்' என்று விஜயகுமாரி எழுதினாள்.

ஜெஸ்ஸியின் பதில் உடனே வந்தது: 'நல்லது. இப்போது உண்மையைச் சொல்லுங்கள்.'