உவரியில் விழுந்த ஏ.பி.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க மாட்டுன பொட்டி கீழ விழுந்துட்டு. சீலிங் காரையும் சேந்து பேந்து வந்துருக்கு. யார் தலையிலயும் விழாம மாதா காப்பாத்திட்டா."

பேசியவர் கடலோரத்து உவரியில் இருக்கும் செலின் அக்கா. நான்கு நாட்களுக்கு முன்புதான் அவர் வீட்டு ஹாலில், சீலிங்கின் நடுவில், ஓர் ஆக்சஸ் பாயின்ட் மாட்டிவிட்டு வந்திருந்தேன். வை-ஃபையை வீட்டுக்குள் பரப்புகிற, தட்டு மாதிரி வட்டமான வெள்ளைப் பெட்டி அது. நாங்கள் ஏ.பி. என்போம். கேபிள் டி.வி. காலத்தில் தொடங்கி இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் மாட்டிய எதுவும் அதுவரை விழுந்ததில்லை.

"நாளைக்குக் காலைல வந்துருதேன்க்கா" என்று சொன்னேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைலா? பதினோரு மணிக்கு அவன் கூப்புடுவான். அதுக்குள்ள சரியாயிரணும் அண்ணாச்சி."

அவன் என்றது மகன் அமலனை. மஸ்கட்டில் தச்சுப் பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறை. அவனுக்கும், இங்கே அக்காவோடு இருக்கும் அவன் மனைவி ரோஸ்லினுக்கும் பிறந்ததில் இருந்தே காது கேட்காது. இருவரும் சைகையில்தான் பேசுவார்கள். வீடியோ காலில் படம் நின்றுபோனால் நமக்குக் குரலாவது வரும். அவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை இன்னொரு விஷயமும் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளி கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் அமலன் பதில் சொல்ல வேண்டும். ரோஸ்லினுக்கு அதில் இஷ்டமில்லை.

"எழுதி அனுப்பக் கூடாதான்னு ஆளாளுக்குக் கேக்காவ. சண்டைய எழுதிப் போட முடியுமா அண்ணாச்சி?" என்றார் செலின் அக்கா.

தட்டாமல் போட்ட துளை

பாளையங்கோட்டையில் விடியும் முன் பைக்கை எடுத்து எட்டு மணிக்கு உவரி போய்ச் சேர்ந்தேன். ஹால் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, உள்ளே கம்பி தெரிந்தது. உப்புக்காற்றில் துருவேறி ஊதிப்போய், அது பூச்சைக் கீழே தள்ளியிருந்தது. என் ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தது அந்தப் பூச்சை மட்டும்தான். கான்க்ரீட்டுக்குள் போகவே இல்லை.

"தட்டிப் பாக்காம துளை போட்டேன்க்கா. என் தப்புதான்" என்றேன்.

ஹாலிலேயே நல்ல இடமாகப் பார்த்து ஏணியை நகர்த்தினேன். ரோஸ்லின் குறுக்கே வந்து கையை ஆட்டினாள். என்னைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் விரித்துக் காட்டிவிட்டு, அப்படியே அசையாமல் நிறுத்தினாள். படம் நின்றுபோகிறது என்கிறாள்.

செலின் அக்காதான் விளக்கினார். "ஹாலு இருட்டுலா? மொகமும் கையும் தெரியணும்னா இங்கன உக்காந்துதான் பேசுவா. நீங்க மாட்டுன பொறவு ஒருதரம் பேசுனப்பவும் வெட்டி வெட்டித்தான் வந்துச்சு."

ஜன்னலுக்கும் ஹாலுக்கும் இடையில் இரண்டு சுவர்கள். ஹால் நடுவில் இருந்தால் பார்வையாக இருக்கும் என்று அன்று அக்கா சொன்னார், நானும் தலையாட்டினேன். பேசுகிறவள் எங்கே உட்காருவாள் என்று நான் கேட்கவே இல்லை.

கம்பி

சமையற்கட்டு வாசலுக்கு வெளியே நடை இருந்தது. சுத்தியல் பிடியால் அங்கே சீலிங்கைச் சாண் சாணாகத் தட்டினேன். பூச்சு விட்டுப்போன இடத்தில் தொப்பென்று பொள்ளல் சத்தம் வரும். நல்ல கான்க்ரீட் கல்லைத் தட்டியது போல 'ணங்'கென்று கேட்கும். பீமுக்குப் பக்கத்தில் ஓர் இடம் சுத்தமாகக் கேட்டது. பென்சிலால் வட்டம் போட்டேன். லைட் பாயின்ட்டுகளைப் பார்த்து வயர் போகும் பாதையை ஒதுக்கி, மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி ஹாமர் டிரில்லை எடுத்தேன்.

முதல் துளை பாதி போனதுமே டிரில்லின் பிட் கிறீச்சிட்டது. கம்பி. அதை அறுத்துக்கொண்டு மேலே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மணி ஒன்பதே முக்கால். அவசரம்தான். ஆனால் வீட்டைத் தாங்குவது அந்தக் கம்பி. துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, இரண்டு விரல் தள்ளி மறுபடி அளந்தேன். இந்த முறை பிட் சீராக இறங்கியது. சாம்பல் நிறத்தில் கான்க்ரீட் தூள் கொட்டியது. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் இறக்கி, ஏ.பி.யைத் தாங்கும் பிராக்கெட்டை முறுக்கி, என் டூல்ஸ் பையை அதில் தொங்கவிட்டேன்.

"பைய அங்கன மாட்டிட்டா போவப்போறிய?" என்றார் அக்கா.

"பத்து நிமிஷம் தொங்கட்டும்க்கா."

பை அசையவில்லை. கேபிளை இழுத்துவந்து ஏ.பி.யை மாட்டினேன். மெயினைப் போட்டதும் நீல விளக்கு நின்று எரிந்தது. மணி பத்து நாற்பது.

பதினோரு மணிக்கு அமலன் போனில் வந்தான். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு ரோஸ்லினின் கைகள் வேகம் பிடித்தன. உள்ளங்கையில் அடித்தாள், போனைச் சுட்டிக் காட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். அவன் மறித்து மறித்துப் பதில் சொன்னான். முக்கால் மணி நேரம் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. நடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி என் காதில் விழாத ஒவ்வொரு சொல்லுக்கும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செலின் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். "வாரானாம் அண்ணாச்சி. கையெழுத்துப் போட மாட்டானாம்."

ரோஸ்லின் போனை எடுத்துவந்து சீலிங்கைக் காட்டினாள். தச்சன் அல்லவா, அமலன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, கையைக் கீழே இழுப்பது போல் செய்தான்.

"இழுத்துப் பாத்தியளான்னு கேக்கான்" என்றார் அக்கா.

ஏணியில் ஏறி, பிராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினேன். அமலன் கட்டைவிரலை உயர்த்தினான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏணியை விரிப்பதற்கு முன்னால், இந்த வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்று கேளுங்கள். அப்புறம் சுத்தியலை எடுத்துச் சீலிங்கைத் தட்டுங்கள். டிரில் அதற்குப் பிறகு போதும்.