கிள்ளி வந்த காளான்

நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. உள்ளே எல்லோரும் டிரைவரைத் திட்டுவதால் நான் இறங்கிக்கொள்கிறேன். சாலையோரத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அவர்களில் ராணி என்பவர் ஒரு பை நிறைய வெள்ளைக் காளான் வைத்திருக்கிறார்.

“புத்துக் காளானுங்க. பிள்ளைகளுக்கு ராவைக்குக் கறி வைக்கப் போறேன்.”

பையைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கும் அவருடைய நாத்தனார் புஷ்பத்தின் முகம் மாறுகிறது.

“என்னா அண்ணி, எல்லாத்தையும் கொழுந்து மாதிரி கிள்ளிட்டு வந்திருக்கீங்க? அடி எங்க?”

“கைப்பழக்கம் புள்ள.”

பறித்த இடம் பக்கத்தில்தான் இருக்கிறது. நானும் பின்னால் போகிறேன். புஷ்பம் குச்சியால் மண்ணைக் கிளறுகிறார். புற்றை ஒட்டிய காம்புகள் நீளமான வேரோடு வருகின்றன. அவர் தேடியது அந்த வேரைத்தான்; அதுதான் புத்துக் காளானுக்கு அடையாளம். ஆனால் நான்கடி தள்ளி, பைனஸ் என்னும் ஊசியிலை மரத்தடியில் கிளறிய ஒரு காம்புக்கு வேர் இல்லை. உடைந்த முட்டை ஓடு போன்ற வெள்ளை உறைக்குள் அது நிற்கிறது. கல்லீரலைக் கெடுத்துக் கொல்லும் காளானுக்கு அந்த உறை இருக்கும் என்று நான் படித்திருக்கிறேன்.

“இது ஆளைக் கொல்லுற சாதிங்க” என்கிறார் புஷ்பம் என்னிடம்.

“ஒன்னுதானே புள்ள? அத மட்டும் எடுத்துப் போட்டுருவோம்.”

புஷ்பம் பையை விரித்துப் பிடிக்கிறார். “எது அந்த ஒன்னு? காட்டுங்க அண்ணி.”

ராணி குனிந்து பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். பஸ் ஹாரன் அடிக்கிறது.

ராணி பையைச் சாலையோரக் கானில் கவிழ்க்கிறார். மழைத் தண்ணீரில் மிதந்து போகும்போதும் அவை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.