சித்தியோட புளியும் சக்தியோட பேப்பரும்

இந்த வாரம் இதை எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். சத்தியமா! எழுதினா சக்திக்குத் தலை இன்னும் பெருசாயிடும்... இப்பவே ஹெல்மெட் பத்தறதில்ல.

ஆனா எங்க சித்தி விடல. "ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் கிண்டல் பண்ணி எழுதற. நான் இருக்கற விஷயம்னா மட்டும் கை வலிக்குதா?"ன்னு கேட்டாங்க. தக்காளித் தோட்டத்துல களைக்கொத்தோட நின்னு கேட்டா, மாட்டேன்னு எவன் சொல்லுவான்?

மொதல்ல சக்தி யாருன்னு சொல்லிடறேன். சக்திவேல் என்கூட பாலிடெக்னிக்ல படிச்சவன். ரெண்டாவது வருஷத்துல நான் படிப்பை விட்டேன் — படிப்பு என்னை விட்டுச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் லோடு ஆட்டோ ஓட்டறேன். அவன் விடாம படிச்சு ஒரு காலேஜ்ல வாத்தியாராகி, பவர் எலக்ட்ரானிக்ஸ்ல பிஎச்.டி. பண்றான். ரொம்ப நாளா பண்றான். நடுவுல அவனுக்குக் கல்யாணமாச்சு, குழந்தை பொறந்துச்சு, அது ஸ்கூலுக்கும் போயிடுச்சு. தீசிஸ் மட்டும் பொறக்கல.

ஏன்? தீசிஸ் உள்ள போகணும்னா நல்ல ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் வந்திருக்கணுமாம். அவனுக்குக் குடுத்த டைமும் முடியப் போகுது. முடிஞ்சா அவ்ளோதான்... அத்தனை வருசமும் தண்டம்.

இண்டூர் டீக்கடையில வெச்சு அந்த ஜர்னலோட பக்கத்தைப் போன்ல காட்டினான். என்னென்ன விஷயத்துல ஆராய்ச்சி எழுதலாம்னு வரிசையா போட்டிருந்துச்சு. இன்வெர்ட்டர், பேட்டரி சார்ஜர், மோட்டார் டிரைவ், சோலார், எலக்ட்ரிக் வண்டி...

"டேய், இது நம்மூர்ல ரிப்பேராகற சாமான் லிஸ்ட்டாச்சேடா!"

முறைச்சான். நான் விடுவனா? கீழ என்னமோ நம்பரெல்லாம் இருக்குதே, அது என்னன்னு கேட்டேன். இம்பேக்ட் ஃபேக்டராம். அதுல வந்த பேப்பரை மத்த ஆராய்ச்சிக்காரங்க அவங்க பேப்பர்ல எவ்ளோ எடுத்துச் சொல்றாங்கங்கற கணக்காம். அப்புறம் கியூ ஒண்ணு, கியூ ரெண்டுன்னு தரம் வேற. தக்காளி மண்டியில பிரிக்கற மாதிரியேதான். கியூ ஒண்ணுன்னா பளபளன்னு பெட்டியில மேல அடுக்கறது. கியூ நாலுன்னா சாஸ் கம்பெனிக்குப் போறது.

"உன்னுது எதுக்கு அனுப்பியிருக்க?"

"கியூ ஒண்ணு."

"ஏன், சாஸ் கம்பெனி மூடிட்டாங்களா?"

அன்னைக்கு டீக்கு அவனே காசு குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவ்ளோ கோவம்!

அவன் பண்ணது சோலார் பம்ப்புக்கு ஒரு கன்ட்ரோலர் பெட்டி. என்னன்னா... சோலார் பேனல்ல ஒரு பக்கம் நிழல் விழுந்தா, கரண்டைக் கோடு போட்டுப் பாத்தா ஒரே மேடா வராது. சின்னச் சின்ன மேடா பிரிஞ்சுக்கும். சாதாரண கன்ட்ரோலர் பெட்டி எப்படின்னா — வத்தல்மலைக்குப் போடான்னா, வழியில இருக்கற கரட்டுல, அந்தச் சின்னக் குன்னுல ஏறி உக்காந்துக்கிட்டு "வந்துட்டேன்"னு சொல்ற ஆளு மாதிரி. சக்தியோட பெட்டி அப்படி உக்காராதாம். இதைவிட ஒசரமா ஒண்ணு இருக்குதான்னு தேடிப் போகுமாம்.

அனுப்பின பேப்பர் என்னாச்சு? திரும்பி வந்துச்சு. சரிபாக்கற பெரிய மனுசன் ஒருத்தர் எழுதியிருந்தார்: லேப்ல அட்டையை வெச்சு நிழல் காட்டினா நம்பறதுக்கில்ல, வெளியில நெஜமா ஓடற பம்ப்ல ஓட்டிக் காட்டு, இல்லேன்னா வேணாம்.

போன்ல சொல்றப்போ அவன் குரலே சரியில்ல. கிண்டல் பண்ண வாயெடுத்தேன்... வரல. எனக்கா வரல? "நாளைக்குக் காத்தால ரெடியா இரு, ஆட்டோ கொண்டாறேன்"னு மட்டும் சொன்னேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்க சித்தி தோட்டத்துல சோலார் பம்ப் இருக்குது. பெட்டி, மீட்டர், லேப்டாப், ஒயரு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போய் எறங்கினோம். எறங்கினதும் சக்தி தலையில கைய வெச்சுட்டான்.

பேனல் மேல பழைய கொசுவலையை இழுத்துக் கட்டி, புளி காயப்போட்டிருக்காங்க சித்தி!

"ஐயோ சித்தி! என்னங்க இது?"

"புளிங்க வாத்தியாரே. உங்க காலேஜ்ல பாத்ததில்லையா?"

"பேனல் மேலயா காயப்போடுவாங்க?"

"கீழ போட்டா கோழி கெளறுது, ஆடு மோந்து பாக்குது. இது ஒசக்க இருக்குது, நல்லா சூடும் ஏறுது. அந்த வேல மெனக்கெட்ட பலகை சும்மா படுத்துத்தானே கெடக்குது?"

"அதை எடுத்துருங்க சித்தி. நான் சுத்தமா தொடச்சு, அளவா அட்டை வெச்சு..."

"பொழுது சாயாம எடுக்க மாட்டேன். வெயிலு என்ன உங்க காலேஜ் சொத்தா?"

நான் வரப்புல உக்காந்து சிரிச்சேன். சக்திக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "இருங்க, உங்க புளி எவ்ளோ கரண்டு தின்னுதுன்னு மீட்டர்லயே காட்டறேன்"னு வீம்புக்கு ஒயரை மாட்டினான். ஆராய்ச்சிக்கு இல்லீங்க — சித்தியை ஜெயிக்கறதுக்கு!

தோட்டத்துல இருந்த பழைய பெட்டியிலயே பம்ப் ஓடுச்சு. தண்ணி குழாயிலிருந்து மூக்கு ஒழுகற மாதிரி வந்துச்சு. "பாத்தீங்களா?"ன்னு திரும்பினவன், லேப்டாப்பைப் பாத்து அப்படியே நின்னுட்டான்.

"என்னடா?"

"இந்த மாதிரி மேடு நான் பாத்ததே இல்லடா. எந்தப் பேப்பர்லயும் இல்ல."

அட்டையோட நிழல்னா ஓரம் நேர்க்கோடு. புளி அப்படியா? ஒரு எடத்துல கும்பல், ஒரு எடத்துல ஓட்டை. திரையில ஒரே கரடும் குன்றுமா, பொம்மிடிக்கு ரயில்ல போறப்போ ஜன்னல்ல தெரியுமே, அப்படி.

இப்போ அவன் பெட்டியை மாட்டினான். இந்த நிழலை அதுக்கு அவன் சொல்லிக் குடுக்கவே இல்லையே!

மொதல்ல பெட்டி ஒரு கரட்டுல ஏறி நின்னுச்சு. தண்ணி அதே மூக்கு ஒழுகல். "என்ன வாத்தியாரே, படுத்துக்கிச்சா?"ன்னாங்க சித்தி. நான் கண்ணைக் காட்டி அவங்களை அடக்கினேன்.

அப்புறம் பம்ப்போட சத்தம் மாறுச்சு. பெட்டி கரட்டை விட்டு எறங்கி, அடுத்ததுல ஏறி, அதுவும் இல்லேன்னு எறங்கி... திடீர்னு குழாயில தண்ணி குதிச்சுது! புளி மேலயேதான் இருக்குது. தண்ணி வாய்க்கால் ரொம்பிப் போகுது.

வாத்தியார் பேண்ட்டோட வாய்க்கால்ல எறங்கி ஆடினார். ஆமா, ஆடினார். வீடியோ எங்கிட்ட இருக்குது. டாக்டர் பட்டம் வாங்கற அன்னைக்கு ரிலீஸ் பண்றேன்.

புளியோட போட்டோ எடுத்து, அளந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பினான். வேண்டாம்னு சொன்ன அதே பெரிய மனுசன் இந்தத் தடவ என்ன எழுதினார் தெரியுமா? இப்போ நம்பறேன், அந்தப் போட்டோவை மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்கன்னு! போன வாரம் பேப்பரை ஏத்துக்கிட்டாங்க. தீசிஸ் உள்ள போகப் போகுது. எங்கெங்கயோ இருக்கற வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் இனிமே எங்க சித்தியோட கொசுவலையைப் பாத்துத்தான் படிக்கணும்.

பேப்பர்க் கடைசியில நன்றின்னு போட்டு சித்தி பேரும் வந்திருக்குது. இம்பேக்ட் ஃபேக்டர்னா என்னன்னு சித்திக்கு எடுத்துச் சொன்னேன். "ஒருத்தர் சொன்னதை நாலு பேர் திருப்பிச் சொல்றதா? அந்தக் கணக்குல பாத்தா நம்ம தெரு பொம்பளைங்க எல்லாம் கியூ ஒண்ணுதான் கண்ணு"ன்னாங்க.

எனக்கு ஒண்ணு மட்டும் தோணுச்சு. நாமெல்லாம் தொடச்சு வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு காத்துக்கிட்டே இருக்கோம். காடு தோட்டத்துல எதுங்க தொடச்சு வெச்சிருக்குது?

சரி, ஜெயிச்ச மனுசனை இந்த ஒரு வாரமாவது மரியாதையா பேசலாம்னு, "டாக்டர் சார், எல்லாம் முடிஞ்சுது, இனி ரெஸ்ட்தானுங்களே?"ன்னு மெசேஜ் போட்டேன். ஒரே வரியில பதில் வந்துச்சு:

"சித்தி நாளைக்கு மொளகா காயப்போடறாங்களாம், ஆட்டோவ எட்றா!"